மூவாயிரத்து அறுநூறு சுற்று

எங்கள் ஊரில் ஒருவன் செத்த பிறகும் ஜாமீனில் இருக்கிறான். இதைச் சொன்னது நான் இல்லை, எங்கள் ஊர் டீக்கடைக்காரர். அவர் வாயிலிருந்து விழுவது மறுநாளே ஊர்ப்பேச்சாகிவிடும். விடியற்காலையில் ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆள் நடந்துபோவதைப் பார்த்ததாகவும், கூப்பிட்டால் நிற்கிறான், ஆனால் இக்கரைக்கு வருவதே இல்லை என்றும் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"எப்படிய்யா வருவான்? கோர்ட்டுல அஞ்சு மைல்னு சொல்லிப்புட்டாங்கல்ல. பய செத்தும் ஜாமீன்லதான் இருக்கான்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் பக்கத்தில் என் கடையில் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து மைலை அளந்து கொடுத்தவன் நான்.

எனக்கு வாடகை சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவேன், ரிம் கோட்டம் எடுப்பேன். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் கடைக்கு அடுத்திருந்த படிப்பகத்தில்தான். கீற்றுக் கொட்டகை, வெளியே ஒரு கொடிக்கம்பம், உள்ளே கட்சிப் பத்திரிகைகள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு நான்தான் உரக்க வாசிப்பேன். பேய் கிடையாது, பிசாசு கிடையாது என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது தொண்டை கிழியச் சொன்னவன். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜாமீன்காரன் எனக்கு உறவில்லை. ஒரே தெரு, ஒரே வயது. மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம். அவன் மனைவி என்னை அண்ணே என்பாள். அவனைப் போல வரப்பு வெட்டுகிற ஆள் எங்கள் பக்கம் கிடையாது. கயிறு கட்ட மாட்டான், குச்சி நட மாட்டான், மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினால் வரப்பு கோடு கிழித்தது போல வரும். "அவன் கண்ணுக்குள்ளயே நூல் வச்சிருக்கான்" என்று நடவுக்கு வரும் பெண்கள் சொல்வார்கள்.

அவன் மிராசுதாரிடம் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தான். ஆட்சி மாறி மூன்றாவது வருஷம் அது. குத்தகைக்காரர் பெயரையெல்லாம் பதிவு செய்யப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. பெயர் பதிவாகிவிட்டால் ஆளை அசைக்க முடியாது. அதனால் அதற்கு முன்னாலேயே அசைத்துவிட வேண்டும் என்று நிலக்காரர்கள் அவசரப்பட்டார்கள். காரியஸ்தர், அதாவது மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டவர், அவனிடம் வந்து, "இந்தப் போகத்தோட விட்டுட்டு ஒதுங்கிக்க" என்றார். அவன் ஒதுங்கவில்லை. புரட்டாசியில் குறுவை நெல் பழுத்து நின்றது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், முதல் நாளே அவனும் தெருவாசிகளான நாங்களும் இறங்கி அறுத்துவிட்டோம். களத்தில் கைகலப்பு ஆகிவிட்டது. காரியஸ்தரின் ஆள் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அடித்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. வழக்கு அவன் மேல் விழுந்தது. தான் நட்டதைத் தானே அறுத்ததற்குத் திருட்டு, அதோடு கலகம்.

ஐப்பசியில் ஜாமீன் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை. வழக்கு முடிகிறவரை ஊர்ச் சாவடியிலிருந்து ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் அவன் காலெடுத்து வைக்கக்கூடாது. தினமும் காலை பத்து மணிக்குக் கும்பகோணத்தில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மீறினால் ஜாமீன் போய்விடும், உள்ளேதான். அப்போது அவன் மனைவிக்கு ஐந்து மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை.

அவன் கும்பகோணத்தில் ஒரு வெற்றிலை மண்டியில் மூட்டை தூக்கப் போனான். போகிற அன்றைக்கு என்னிடம் கேட்டது ஒன்றுதான். "மச்சான், அஞ்சு மைலுன்னா எது வரைக்கும்? எனக்குச் சொல்லிடு. அந்த எடத்துல வந்து நின்னுக்கறேன்."

நான் அளந்தேன். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம் ஒரு தடவை சுற்றினால் எண்பத்தெட்டு அங்குலம் நகரும். எழுநூற்று இருபது சுற்றுக்கு ஒரு மைல். ஐந்து மைலுக்கு மூவாயிரத்து அறுநூறு. முன்சக்கரத்துக் கம்பியில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டினேன். அது ஃபோர்க்கில் பட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் 'டப்' என்று அடிக்கும். நூறு அடித்தால் இடது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது பையில் போட்டுக்கொள்வேன். சாவடியில் ஏறி, வாய்க்கால் கரையோடு வளைந்து வளைந்து போய், ரோட்டில் ஏறி, பாலம் தாண்டி, ஆற்றின் அக்கரையோடு திரும்பி வந்தேன். ஆற்றில் அப்போது இரு கரையும் தொட்டுத் தண்ணீர். அக்கரையில் ஒரு பூவரச மரம். அங்கே நான் காலை ஊன்றியபோது வலது பையில் நாற்பத்தாறு கொட்டை. ஆறேகால் மைலுக்கும் கூட. தாராளம்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை அந்த மரத்தடிக்கு அழைத்துவந்து காட்டினேன். அவன் ஆற்றுக்கு இப்பால் எங்கள் ஊர் இருக்கும் திசையை, வரப்பு வெட்டப்போகிறவன் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தான்.

"கிட்டக்க இருக்கற மாதிரி இருக்கே மச்சான்."

"கண்ணு சொல்றதை நம்பாதே. சக்கரம் பொய் சொல்லாது."

"நீ சொன்னா சரி" என்றான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவான். மரத்தடியில் உட்கார மாட்டான். அக்கரையிலேயே கிழக்கே கொஞ்ச தூரம், மேற்கே கொஞ்ச தூரம் என்று நடந்துகொண்டே இருப்பான். ஊரை விட்டு ஒரு முழமும் விலக மாட்டான், ஊர்ப்பக்கம் ஒரு முழமும் நெருங்க மாட்டான். "ஏன்டா, செத்த நேரம் உக்காரேன்" என்பேன். "உக்காந்தா உள்ள வந்துடுவேன்டா, நடந்துகிட்டே இருந்தாத்தான் தாங்குது" என்பான். அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

மாசி பிறந்ததும் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேதி சொல்ல நான்தான் பஸ் ஏறிப் போனேன். வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே நின்று கேட்டான். நாலைந்து தடவை, "மூக்கு யாரு மாதிரி?" என்றான். கடைசியில், "ஒரு தடவை கையில வாங்கிடணும் மச்சான். ஒரே தடவை. அப்புறம் கேஸு ரெண்டு வருஷம் இழுத்தாலும் இழுக்கட்டும்" என்றான்.

அவளைக் கும்பகோணத்துக்கே அழைத்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீடு இருந்தது மிராசுதாரின் மனைக்கட்டில். ஒரு பகல் பூட்டிக் கிடந்தால் கூரையைப் பிரித்துவிடுவார்கள். தெருவில் அப்படி ஒரு வீடு ஏற்கனவே போயிருந்தது. காரியஸ்தர் தினமும் பத்து மணிக்கு மேல் தெருப்பக்கம் வந்து, அவள் வாசலில் நின்று இருமிவிட்டுப் போவார். துணைக்கென்று அவளுக்கு இருந்தது சீர்காழிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஓர் அக்கா மட்டும்தான்.

பங்குனியில் வால்நட்சத்திரம் வந்தது. விடிவதற்கு முன் கிழக்கே, தலை கீழே சூரியன் வரும் பக்கமாகவும் வால் மேலே நிமிர்ந்தும் நிற்கும். "துடைப்பத்தைத் தலைகீழா நட்டு வச்ச மாதிரி" என்றார் டீக்கடைக்காரர். ஆட்சி கவிழ்ந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். "அது பாட்டுக்கு அது போவுது, நம்ம ஆட்சிய ஏன்டா கவுக்குது?" என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். நான் கும்பகோணம் போய்க் கிளை நூலகத்தில் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எடுத்துவந்தேன். சூரியன், கோள்கள், வால்நட்சத்திரங்கள். இரண்டு நாள் காலையில் டீக்கடை வாசலில் வைத்து வாசித்தேன். வாசித்ததில் பாதி எனக்கே புரியவில்லை, அதனால் என் வழியில் சொன்னேன்.

"சூரியன் இழுக்குதுங்கற. இழுத்தா போய் விழ வேண்டியதுதானே?" என்றார் டீக்கடைக்காரர்.

"விழுந்துகிட்டுத்தான் இருக்கு. பூமியும் விழுந்துகிட்டுத்தான் இருக்கு. ஆனா சும்மா விழலை, பக்கவாட்டுல ஓடிக்கிட்டே விழுவுது. ஓடுற வேகத்துல சூரியனைத் தவற விட்டுடுது. மறுபடி விழுவுது, மறுபடி தவற விடுது."

"தெனமுமா? எங்க வீட்டுப் பய ஏழு மணி பஸ்ஸைத் தவற விடுற மாதிரில்ல இருக்கு!"

நான் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயரில் வாய்க்கால் சேற்றை அப்பி, பெடலைச் சுற்றினேன். சேறு பிய்த்துக்கொண்டு பறந்தது. "பாருங்க, சேறு வட்டமாப் போகலை. விட்ட எடத்துலேருந்து நேராப் போவுது. எதுவுமே அது பாட்டுக்கு விட்டா நேராத்தான் ஓடும். டயரை வட்டமா ஓட வைக்கிறது இந்தக் கம்பி. கம்பி சுத்தி வளைச்சு இழுக்காது. நேரா நடு அச்சுக்குத்தான் இழுக்கும். சூரியன் இழுக்கறதும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத கம்பி."

"நேராப் போன சேறு நேரா என் வேட்டிக்குத்தான் வந்திருக்கு. இதையும் உன் பொஸ்தகத்துல எழுதிக்க" என்று டீக்கடைக்காரர் வேட்டியை உதறினார்.

வால்நட்சத்திரத்தின் பாதை வட்டம் இல்லை, நீளமாக இழுத்த கோழிமுட்டை மாதிரி என்றும் சொன்னேன். நம் ஆற்றுப்பாலத்து மேட்டில் சைக்கிள் ஏறுகிறபோது வேகம் குறைந்துகொண்டே போகிறது, இறங்கும்போது காற்றாகப் பறக்கிறது இல்லையா, அப்படித்தான் அது சூரியனை விட்டு விலக விலகத் தவழும், கிட்டே வரும்போது பாயும். தூரம் போனவுடன் சூரியன் மறந்துவிடுவதில்லை. எத்தனை தலைமுறை ஆனாலும் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பன் வாங்க வந்த அவன் மனைவி கைப்பிள்ளையோடு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தக் கம்பி அறுந்துட்டா?"

"நேராப் போயிடும்மா. போனா போனதுதான். திரும்பாது."

அவள் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் கடைக்கு வந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "அவருக்குப் புள்ளையக் காட்டிடணும்ணே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்று ஏற்பாடு. பூவரச மரத்தடி. நாலு மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்குப் போய்ச் சேரலாம், ஒன்பதரைக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. அவனும் பத்து மணிக்குக் கையெழுத்துக்குப் போய்விடலாம். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் சைக்கிளில் உட்காரப் பயந்தாள், நடந்தோம். உளுந்து பறித்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. ஆறு வறண்டு கிடந்தது. பாலம் சுற்றிப் போவானேன், குறுக்கே இறங்கினால் கொஞ்சம் மிச்சமாகுமே என்று வயலில் இறங்கி நேராக நடந்தோம். எதிரே அந்த வால்நட்சத்திரம் நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், குழந்தை முகத்தில் மட்டும் முந்தானையை இழுத்து மூடியிருந்தாள்.

ஆற்றங்கரை ஏறினோம். கிழக்கு அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மணலுக்கு அந்தப் பக்கம் பூவரச மரம், அதன் கீழே சாத்திய சைக்கிள், நடந்துகொண்டிருந்த ஓர் உருவம்.

"அதுக்குள்ளயா வந்துட்டோம்?" என்றாள் அவள். "சீக்கிரம் வந்துட்டோமேண்ணே."

நான் திரும்பி, நடந்து வந்த வழியைப் பார்த்தேன். கைக்குழந்தைக்காரியோடு, நின்று நின்று நடந்து, ஒன்றரை மணி நேரம். அது ஆறு மைல் இல்லை. அது ஐந்து மைலும் இல்லை. எங்கள் பக்கத்தில் தூரம் என்றால் கரையோடும் பாலத்தோடும் கால் போகிற தூரம்தான், வேறு தூரம் ஒன்று இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. சக்கரமும் அதைத்தான் அளந்தது. நான்கு நாள் முன்னால்தான், இழுப்பு நேராக நடுவுக்குத்தான் போகும் என்று சேற்றை அப்பிக் காட்டியவன் நான். கோர்ட்டு சொன்ன வட்டமும் அப்படித்தானே, நேராக நடுவிலிருந்து.

மணலைக் கடக்கக் கொஞ்ச நேரமாவது ஆகியிருக்கும். அந்த நேரம் முழுக்க எனக்குத் தெரியும். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம், "மச்சான், சைக்கிளை எடுத்துட்டு ஒரு மைல் பின்னால போ, நாங்க வர்றோம்" என்று. வாய் வரவில்லை. நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று அவள் முன்னால் சொல்ல வேண்டியிருக்குமே என்பதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை. எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.

அவன் ஓடி வந்தான். கைகளை நீட்டினான், பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வழியில் செயின் கழன்று மாட்டியிருக்கிறான், விரலெல்லாம் கருப்பு.

"இரு, இரு. கையக் கழுவிட்டு வர்றேன். இந்தக் கையோட எப்படி வாங்கறது?"

மணலில் மண்டியிட்டு ஊற்றுத் தோண்டினான். தண்ணீர் ஊறி வருவதற்குள் மணலைப் போட்டுப் போட்டுத் தேய்த்தான். அவள் முந்தானையை விலக்கிக் குழந்தையின் முகத்தை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தபடி நின்றாள். "அவசரப்படாம கழுவுங்க, ஓடிட மாட்டா" என்றாள். நான்தான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் ஜீப்பை முதலில் பார்த்ததும் நான்தான்.

நாலு மணிக்கு அவள் வீட்டை விட்டு இறங்கியதைக் காரியஸ்தரின் ஆள் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறான். ஞாயிறுதோறும் மச்சான் இங்கே வருவதை அவர்கள் மாதக்கணக்காகக் கவனித்து, நில அளவரைக் கொண்டு இடத்தைக் குறித்தும் வைத்திருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள், காரியஸ்தர், அந்த நில அளவர். அவர் இளைஞர், ஒல்லியானவர், தூக்கக் கலக்கம் இன்னும் கலையவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து, சாவடியிலிருந்து மரத்துக்கு அளவுகோலை வைத்தார். "நாலேகால் மைல் சார்" என்றார். குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அவன் என்னைப் பார்த்தான். கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையை வாங்க நீட்டியபடியே இருந்த கைகளைத்தான் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

அன்றைக்குப் படிப்பகம் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெஞ்சு மேல் ஏறினேன். "நான் சக்கரம் வச்சு அளந்திருக்கேன். ஆறேகால் மைலுக்கு மேல. வேணும்னா யார் வேணாலும் எண்ணிப் பாருங்க. அளந்தவன் விலை போயிட்டான்!" என்று கத்தினேன். ஊர் நம்பியது. ரோட்டோடு சைக்கிளில் போய் எண்ணிப் பார்த்தவர்களும் நாற்பத்தாறு கொட்டைதான் கொண்டுவந்தார்கள். அந்த நில அளவர் மறுபடி வந்தபோது அவர் மேல் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். டீக்கடையில் அவருக்கு டீ கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் மாற்றல் வாங்கிப் போய்விட்டார்.

ஜாமீன் ரத்தானது. கோடையில் உள்ளே அவனுக்கு மஞ்சள் காமாலை. ஆடியில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த வாரம், ஆஸ்பத்திரியில் போய்விட்டான். உடலைக்கூடக் கும்பகோணத்திலேயே முடித்துவிட்டார்கள், ஊருக்குள் கொண்டுவந்தால் கலவரமாகும் என்று. எரியும்போதும் ஐந்து மைலுக்கு அப்பால்தான்.

அந்த ஐப்பசியில்தான் முதலில் ஆரம்பித்தது. பால் கொண்டுபோகிறவர் ஒருவர், அப்புறம் முதல் பஸ்ஸைப் பிடிக்க நடந்த இரண்டு பெண்கள். கிழக்கே கொஞ்ச தூரம், மேற்கே கொஞ்ச தூரம் நடக்கிறான் என்றார்கள். மண்வெட்டி இல்லை, துண்டு இல்லை, கையை மட்டும் உடம்பில் படாமல் ஈரம் உலர்த்துகிறவன் போலப் பிடித்திருக்கிறான் என்றார்கள். கையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

நான் படிப்பகத்தில் பேய் இல்லை என்று வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கும்பகோணம் போய்வர நேர்ந்தால் பாலத்தில் இறங்கும்போது இடது பக்கம் திரும்ப மாட்டேன். இருபது வருஷம், முப்பது வருஷம். குடியிருப்பு மனைகளுக்குப் பட்டா கொடுத்தார்கள், அவள் கூரைக்குப் பதில் ஓடு போட்டாள். மிராசுதார் நிலத்தை விற்றுவிட்டுப் போனார். காரியஸ்தர் செத்தார். குழந்தை வளர்ந்து கல்யாணமாகி பூதலூர் பக்கம் போனாள். இழுப்பும் நிற்கவில்லை, ஓட்டமும் நிற்கவில்லை. அக்கரையில் அவன் மட்டும் அப்படியே.

போன வருஷம் ஒரு மத்தியானம், தலை நரைத்த ஒருவர் டயர் இறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். டீக்கடைக்காரரின் மகன் ஒரு டம்ளர் டீயை நீட்டினான்.

"வேண்டாம் தம்பி. நான் வெளியில டீ குடிக்கறதில்ல. இந்த ஊர்ல விட்ட பழக்கம்."

டியூபை உருவிக்கொண்டிருந்த என் கை நின்றது. அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சக்கரம் சரியாத்தான் அளந்திருக்கும்" என்றார். "வந்த வழியை அளந்திருக்கும். என்னை அளக்கச் சொன்னது நேர்தூரம். நான் யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கலைங்க."

"தெரியும் சார். எனக்கு அன்னைக்கே தெரியும்."

நான் ஒட்டி முடித்துக் காற்றடித்தேன். கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்து போதும்" என்று ஏறிப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மணலைக் கடக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டதையும் சொன்னேன். முறம் நிற்கவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னேன்ல, சீக்கிரம் வந்துட்டோமேன்னு. அப்ப உங்க மொகத்தைப் பார்த்தேன்" என்றாள்.

"அப்பவே தெரியுமா? ஏம்மா இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா? நான் மட்டும் என்ன, ஏன்ணே மொகம் மாறுதுன்னு அங்கயே கேட்டேனா? புள்ளையக் காட்டிடணுங்கற அவசரம். ரெண்டு பேருந்தான் வாயை மூடிக்கிட்டோம்." கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "அவருக்குச் சொன்னீங்களாண்ணே?" என்றாள்.

நான் அவள் எதிரே வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"யாரோ துரோகம் பண்ணிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு. கேஸு முடிஞ்சதைக்கூட யாரும் அவருக்குச் சொல்லலை. போய்ச் சொல்லுங்க. நாளைக்கே போங்க."

மறுநாள் விடியுமுன் பாலம் வழியாக நடந்து போனேன். பங்குனிதான். ஆறு வறண்டு கிடந்தது. பூவரச மரத்தை வெட்டி வருஷங்களாகிவிட்டன, அடிக்கட்டை மட்டும் இருந்தது. மணலில் இறங்கி, அவன் ஊற்றுத் தோண்டிய இடம் என்று தோன்றிய இடத்தில் நின்றேன். கிழக்கில் அன்றைக்கு எதுவும் நிற்கவில்லை, வெறும் வெளிச்சம்.

"மச்சான்" என்றேன். "அளந்தது நான்தான்டா. யாரும் விலை போகலை. நாலேகால் மைல்தான், நான் பாலம் சுத்தி அளந்துட்டேன். உன் கண்ணு சொன்னதுதான் சரி. உன்னைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும், சொல்லலை. கேஸெல்லாம் முடிஞ்சுபோச்சு. அஞ்சு மைல் கெடையாது. உள்ள வா."

காற்றுகூட இல்லை. பதிலுக்கு எதுவும் வரவில்லை, வரும் என்று நான் நினைக்கவும் இல்லை.

திரும்பும்போது பாலத்துக்குப் போகவில்லை. ஆற்று மணலைக் கடந்து, கரை இறங்கி, எங்கள் தெரு இருக்கும் திசையைக் குறி வைத்து நேராக நடந்தேன். வாய்க்கால் வந்தால் இறங்கி ஏறினேன். வரப்பு குறுக்கே வந்தால் தாண்டினேன். ஒருவர் வயலில் உளுந்து இன்னும் பறிக்காமல் இருந்தது, அதற்குள்ளும் நேராகவே நடந்தேன். "யோவ் பெரியவரே, வரப்பு கண்ணுக்குத் தெரியலையா?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. நான் வளையவில்லை. பின்னால் வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டும். திரும்பியும் பார்க்கவில்லை.

தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் வந்திருந்தது. அவள் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசற்படியில், கை கழுவ ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருந்தாள், பக்கத்தில் ஒரு துண்டு. என் கையைப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. நான் செம்பைத் தொடாமல், அவளிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போனேன்.